ஆசிரியருக்குச் சம்பளம் மாதம் ஒரு முறைதான் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

கேள்வி இது. அமெரிக்காவில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் உறவினர் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் வருகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பணிபுரியும் தமக்கு மாதக் கடைசியில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. இங்கே மாதம் ஒரு முறை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது, இரண்டு முறை வழங்கும்படி சட்டம் இயற்ற முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்வித் துறை அலுவலகங்களில் சம்பளப் பட்டியல் போட்டே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியருக்கு இன்ன நாளுக்குள் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்கத் தவறினால் இன்ன தண்டனை என்று சொல்லும் பிரிவு நம் மத்தியத் தொழிலாளர் சட்டங்களில் இல்லை. மாதத்தின் கடைசி வேலைநாளில் உங்கள் கணக்கில் பணம் ஏறுவதற்குக் காரணம் கருவூலத்தின் கணக்கு விதிகளும் நடைமுறையும்தான். அந்த விதிகள் எழுதப்பட்டது அரசின் கணக்கு ஒழுங்காக இருப்பதற்காக. ஆசிரியரின் வீட்டு வாடகை நாளை மனத்தில் வைத்து அல்ல. இதற்குச் சான்று வேண்டுமென்றால் மார்ச் மாதத்தைப் பாருங்கள். மற்ற பதினொரு மாதங்களுக்கும் அந்தந்த மாதக் கடைசியில் சம்பளம் வரும். மார்ச் மாதச் சம்பளம் மட்டும் ஏப்ரல் பிறந்த பிறகு வரும், ஏனென்றால் அந்தச் செலவு அடுத்த நிதியாண்டின் கணக்கில் விழ வேண்டும். ஏப்ரல் முதல் தேதி வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாளாகவும் இருப்பதால் இன்னும் ஒரு நாள் தள்ளும். பிப்ரவரியில் வருமான வரிப் படிவம் நிரப்பும்போது போன மார்ச் முதல் இந்தப் பிப்ரவரி வரை என்று பன்னிரண்டு மாதக் கணக்கு போடுகிறோமே, அதன் காரணமும் இதுதான். எத்தனையோ ஆசிரியர்கள் ஆண்டுதோறும் அந்தப் படிவத்தை நிரப்புகிறார்கள். ஏன் ஏப்ரலில் தொடங்கவில்லை என்று கேட்டவர்கள் குறைவு.

சம்பள நாளைச் சட்டமாக்கிய வரலாறு ஆலைத் தொழிலாளியிடமிருந்து தொடங்குகிறது. 1931இல் தொழிலாளர் நிலை பற்றிய ராயல் கமிஷன், விட்லி கமிஷன் என்று பழைய ஆட்கள் சொல்வது, தன் அறிக்கையைக் கொடுத்தது. ஆலை முதலாளிகள் கூலியை வாரக்கணக்கில் தாமதப்படுத்துவதும், அபராதம் என்ற பெயரில் பிடித்துக்கொள்வதும், இடைப்பட்ட நாட்களில் தொழிலாளி வட்டிக்காரனிடம் போய் நிற்பதும் அன்று சாதாரணமாக இருந்தன. அந்த அறிக்கையின் விளைவாக வந்ததுதான் 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம்; 1937 மார்ச் 28 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் மிக எளிமையானது. சம்பளக் காலம் எதுவும் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்ளும், அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் பத்தாம் தேதிக்குள்ளும் கொடுத்துவிட வேண்டும். 'ஏழாம் தேதிக்குள் சம்பளம்' என்று தனியார் நிறுவனங்களில் இன்றும் பேச்சுவழக்கில் இருப்பது அந்தப் பிரிவின் எச்சம்தான். ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை, ரயில்வே, வரையறுக்கப்பட்ட சில நிறுவனங்கள் என்று தன் எல்லையைக் கட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் அந்த வேலிக்கு வெளியே இருந்தது. தவிர, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்கியவருக்கு அது பொருந்தவில்லை. 2017இல் அந்த உச்சவரம்பு மாதம் 24,000 ரூபாயாக இருந்தது.

ஆசிரியர் இந்த வேலிக்கு வெளியே நின்றதற்கு இன்னொரு பின்னணியும் உண்டு. கல்வி நிறுவனம் தொழில் என்ற வரையறைக்குள் வரும் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் 1988இல் சுந்தராம்பாள் என்ற ஆசிரியை தொடுத்த வழக்கில், ஆசிரியர் தொழில் தகராறுகள் சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி' அல்லர் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடம் தொழிற்சாலை மாதிரி, அதில் உள்ள மணி அடிப்பவர் தொழிலாளி, பாடம் நடத்துபவர் மட்டும் தொழிலாளி இல்லை என்ற விசித்திரமான நிலை. பணிக்கொடையிலும் இதே கதைதான் நடந்தது. ஆசிரியருக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு ஆசிரியரைச் சேர்த்தது. தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2022இல்தான் தோற்றது. வரையறைப் பிரிவில் ஒரு சொல்லின் அகலம் எத்தனை பேருடைய பணத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 1936ஆம் ஆண்டுச் சட்டத்தையும் குறைந்தபட்சக் கூலி, போனஸ், சம ஊதியம் ஆகியவை பற்றிய சட்டங்களையும் ஒன்றாக்கிய அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. சம்பளக் காலம் நாள், வாரம், இரு வாரம், மாதம் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கலாம், மாதத்தைத் தாண்டக் கூடாது என்று பதினாறாம் பிரிவு சொல்கிறது. நாள் கூலி என்றால் அன்றைய வேலை முடியும்போதும், வாரக் கூலி என்றால் வாரத்தின் கடைசி வேலைநாளிலும், இரு வாரக் கூலி என்றால் அந்த இரு வாரம் முடிந்த இரண்டாம் நாளுக்குள்ளும், மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்று பதினேழாம் பிரிவு சொல்கிறது. 24,000 என்ற பழைய உச்சவரம்பு இதில் இல்லை. 'தொழிலாளி' என்ற குறுகிய சொல்லோடு 'ஊழியர்' என்ற அகன்ற சொல்லையும் அது பயன்படுத்துகிறது. மேற்பார்வை, நிர்வாகம், தொழில்நுட்பம் என எல்லா வகை வேலையும் அதில் அடங்கும். ஆகவே தனியார் பள்ளி ஆசிரியர் ஏழாம் தேதி என்ற பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறார் என்பதே என் வாசிப்பு.

இதைப் படித்துவிட்டு அரசுப் பள்ளி ஆசிரியரும் மகிழ்ந்துவிட வேண்டாம். அதே அத்தியாயத்தின் கடைசியில் இருபத்தைந்தாம் பிரிவு காத்திருக்கிறது. சம்பளம் வழங்குவது பற்றிய இந்த அத்தியாயம் அரசு நிறுவனங்களுக்குப் பொருந்தாது, அந்தந்த அரசே அறிவிக்கை வெளியிட்டுத் தன்மீது பொருத்திக்கொண்டால் ஒழிய, என்பது அதன் பொருள். அரசு நிறுவனம் என்பதற்குள் அரசின் துறைகளும் அலுவலகங்களும் மட்டுமல்லாமல் உள்ளாட்சி அமைப்புகளும் அடங்கும். ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் மாநகராட்சிப் பள்ளியும் அந்த வாசலிலேயே நின்றுவிடுகின்றன. ஊரில் உள்ள எல்லா முதலாளிகளுக்கும் தேதி குறித்த அரசு தனக்கு மட்டும் தேதி குறித்துக்கொள்ளவில்லை. உங்கள் முதல் கேள்விக்கான நேரடி விடை இந்த இருபத்தைந்தாம் பிரிவுதான்.

அப்படியானால் ஆசிரியரின் சம்பள நாளைக் குறித்து நம் நாட்டில் சட்டமே வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்காக வந்தவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கசப்பான பழக்கம் இருக்கிறது. அரசு கொடுக்கும் மானியம் பள்ளி மேலாளரின் கைக்குப் போகும். அவர் ஆசிரியரிடம் முழுத் தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கொடுப்பார், அதையும் தமக்குத் தோன்றிய நாளில் கொடுப்பார். கேரளத்தில் 1957இல் கல்வி அமைச்சராக இருந்த ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா இந்தப் பழக்கத்தின் கழுத்தைத்தான் பிடித்தது. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு நேரடியாகவோ தலைமையாசிரியர் வழியாகவோ வழங்கும் என்று அதன் ஒன்பதாம் பிரிவு சொன்னது. மேலாளர் நடுவிலிருந்து அகற்றப்பட்டார். அந்த மசோதா எழுப்பிய புயல் குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போய், 1958இல் அதன் கருத்தைப் பெற்று, பின் விமோசன சமரம், அதாவது விடுதலைப் போராட்டம், என்ற பெயரில் தெருவுக்கு வந்து, 1959 ஜூலை 31 அன்று ஈ. எம். எஸ். நம்பூதிரிபாட் அரசு கலைக்கப்பட்டதில் முடிந்தது. நியமன உரிமை, சமயச் சிறுபான்மையினர் உரிமை என்று காரணங்கள் பல இருந்தன என்பது உண்மை. ஆனால் சம்பளத்தை யார் கையால் கொடுப்பது என்ற கேள்வியும் அந்த நெருப்பில் எரிந்த விறகுகளில் ஒன்று. அரசு போய்விட்டது, ஒன்பதாம் பிரிவு நிலைத்துவிட்டது.

உத்தரப் பிரதேசம் 1971இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. உயர்நிலைப் பள்ளிகள், இண்டர்மீடியட் கல்லூரிகள் ஆகியவற்றின் ஆசிரியர்கள், பிற ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்கும் சட்டம் என்பது அதன் பெயர். 1971 மார்ச் 31க்குப் பிந்தைய எந்த மாதத்துக்கான சம்பளமும் அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் வழங்கப்பட வேண்டும் என்று அது நாள் குறித்தது. அதற்கு முந்தைய நாளையும் அரசு குறிக்கலாம். சம்பளப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும், மேலாளரும் கல்வித் துறை அதிகாரியும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்றும், அந்தத் தேதிக்குப் பிந்தைய சம்பளத்துக்கு மாநில அரசே பொறுப்பு என்றும் எழுதினார்கள். இருபதாம் தேதி என்பது இன்று நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய வரம். 1973ஆம் ஆண்டின் டெல்லி பள்ளிக் கல்விச் சட்டம் இன்னும் கறாரானது: உதவி பெறும் பள்ளியின் நிர்வாகக் குழு தன் பங்கை மாதாமாதம் அரசிடம் கட்ட வேண்டும், அரசு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்துக்குள் ஊழியர்களுக்குப் பட்டுவாடா செய்ய வேண்டும் என்று பத்தாம் பிரிவிலேயே எழுதிவைத்துவிட்டது.

இவற்றில் எந்தச் சட்டமும் 'எத்தனை முறை' என்ற கேள்விக்குள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதம் ஒரு முறை என்பது எல்லோருக்கும் இயல்பாகவே தோன்றியிருக்கிறது. 'யார் கையால்', 'எந்த நாளுக்குள்' என்பவைதான் சண்டைக்குரியவையாக இருந்தன. அந்தச் சட்டங்களை எழுதியவர்கள் சரியான கேள்வியைத்தான் பிடித்தார்கள் என்பது என் எண்ணம்.

மாதம் ஒரு முறை என்பது ஏன் அவ்வளவு இயல்பாகத் தோன்றியது என்பதற்குப் பழைய சம்பள நாளைப் பார்த்திருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சம்பளம் ரொக்கமாகத்தான் கொடுக்கப்பட்டது. மாதத்தின் மூன்றாவது வாரத்தில் பட்டியல் சார்நிலைக் கருவூலத்துக்குப் போகும். அங்கே ஆட்சேபம் போட்டுத் திருப்பினால் அன்று இரவே உட்கார்ந்து திருத்த வேண்டும். பட்டியல் தேறிய பிறகு 'நோட்டு விவரம்' என்று ஒரு தாள் தயாரிப்போம்: ஒவ்வோர் ஆசிரியருக்கும் நூறு ரூபாய் நோட்டு எத்தனை, ஐம்பது எத்தனை, பத்து எத்தனை, சில்லறை எவ்வளவு என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, கீழே கூட்டல் போட்டு, அதே விகிதத்தில் வங்கியில் கேட்டு வாங்கிவர வேண்டும். அந்தக் கூட்டல் பிசகினால் கடைசியில் நிற்கும் ஆசிரியருக்குப் பணம் சரியாக இருக்கும், சில்லறை இருக்காது. அலுவலக வராந்தாவில் வரிசை நிற்கும். அக்விட்டன்ஸ் பதிவேட்டில் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்துப் போட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் சீட்டுக்காரர், துணிக்கடைத் தவணைக்காரர், வட்டிக்காரர் என்று இன்னொரு வரிசை நிற்கும். தொலைதூரக் கிராமத்து ஓராசிரியர் பள்ளி என்றால் அன்று பள்ளிக்கூடமே பூட்டியிருக்கும். இந்த வேலையை மாதத்துக்கு இரண்டு முறை செய்ய வேண்டும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் ஆசிரியர்களே எதிர்த்திருப்பார்கள்.

இன்று அந்தத் தடை இல்லை. பட்டியல் களஞ்சியம் மென்பொருளில் தயாராகிறது. பணம் மின்னணு முறையில் நேரே கணக்கில் ஏறுகிறது. ஆனாலும் மாதம் என்ற அலகு நம் சம்பள முறையின் எலும்புக்குள் போயிருக்கிறது. அகவிலைப்படி மாதச் சம்பளத்தின்மீது கணக்கிடப்படுகிறது. ஊதியமில்லா விடுப்புக்கு அந்த மாதத்தின் நாட்களால் வகுக்கிறோம். ஓய்வூதியப் பங்களிப்பு, குடும்ப நல நிதி, மருத்துவக் காப்பீடு, கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கக் கடன், பண்டிகை முன்பணத்தின் பத்துத் தவணை எல்லாமே மாதத்துக்கு ஒரு முறை பிடிக்கப்படுபவை. சம்பளத்தை இரண்டாகப் பிரித்தால் இந்தப் பிடித்தங்கள் எந்தப் பாதியில் விழும் என்று ஒவ்வொன்றுக்கும் முடிவெடுக்க வேண்டும். முதல் பாதியிலேயே எல்லாம் விழுந்தால், சங்கக் கடன் அதிகமுள்ளவருக்குப் பதினைந்தாம் தேதி வரும் தொகையைப் பார்த்தால் மனம் விட்டுப்போகும். இது தீர்க்க முடியாத சிக்கல் அன்று. தீர்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்க முறைக்கு வருவோம். அங்கே பள்ளி ஆசிரியரின் சம்பளம் எத்தனை தவணை என்பதை நாடு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. மாநிலச் சட்டம், பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான பள்ளி மாவட்டத்தின் முடிவு, சங்கத்தோடு செய்யும் ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே மாதம் ஒரு முறை வாங்குபவரும் உண்டு, மாதம் இரண்டு முறை வாங்குபவரும் உண்டு, உங்கள் உறவினரைப் போல இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாங்குபவரும் உண்டு. கடைசி இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு. மாதம் இரண்டு முறை என்றால் ஆண்டுக்கு 24 தவணை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் 26. இருபத்தாறு பதினான்கு என்பது 364 நாட்கள்தான். மிஞ்சும் ஒரு நாளும் லீப் ஆண்டின் இன்னொரு நாளும் சேர்ந்துகொண்டே போய், ஏறத்தாழ பதினோர் ஆண்டுக்கு ஒரு முறை அந்த ஆண்டில் 27 சம்பள நாட்கள் விழும். ஆண்டுச் சம்பளம் மாறாததால் அதை 27ஆல் வகுத்து ஒவ்வொரு தவணையையும் குறைக்கும் பள்ளி மாவட்டமும் உண்டு. சம்பளம் குறைந்துவிட்டது என்று அந்த ஆண்டு முழுக்க முறையீடு வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கோடை விடுமுறை. அங்கே பல ஆசிரியர்களின் ஒப்பந்தம் சுமார் பத்து மாத வேலைக்கானது. அந்தப் பத்து மாதச் சம்பளத்தைப் பத்து மாதத்திலேயே வாங்குவதா, பன்னிரண்டு மாதத்துக்குப் பரப்பி வாங்குவதா என்று பல இடங்களில் ஆசிரியரே தேர்ந்தெடுக்கலாம். இதில் எதிர்பாராத ஒரு வினை வந்தது. என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் வீழ்ச்சிக்குப் பிறகு, பெரிய அதிகாரிகள் ஊதியத்தைத் தள்ளிவைத்து வரி விளையாட்டு ஆடுவதைத் தடுக்க 2004இல் வருமான வரிச் சட்டத்தில் 409ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மீறினால் இருபது விழுக்காடு கூடுதல் வரி. செப்டம்பரில் உழைத்த பணத்தை ஜூலையில் வாங்கும் பள்ளி ஆசிரியரும் அந்த வலையில் சிக்கக்கூடும் என்று 2007இல் வரித் துறை விளக்கம் வெளியிட்டபோது பள்ளி மாவட்டங்கள் பதறின. 2008இல் பெரும்பாலான ஆசிரியர்களை அதிலிருந்து விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. திமிங்கிலத்துக்குப் போட்ட வலையில் நெத்திலி மாட்டிக்கொண்ட கதை. சம்பளத் தவணையைச் சட்டமாக்கும் முன் வரிச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, நம் மாநிலத்தில் இரண்டு முறை என்று கொண்டுவர முடியுமா என்ற இரண்டாவது கேள்வி. முடியும். மாநில அரசுப் பணிகள் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். சட்டமன்றம் சட்டம் இயற்றலாம், அல்லது அரசியலமைப்பின் 309ஆம் உறுப்பின்கீழ் ஆளுநர் பெயரில் விதி போடலாம். ஊதியச் சட்டத் தொகுப்பும் இரு வாரக் காலத்தை ஏற்கிறது, ஆகவே மத்தியச் சட்டத்தோடு மோதல் இல்லை. ஆனால் 'மாதம் இரண்டு முறை' என்று மட்டும் கேட்டுப் பெற்றுவிட்டால் ஏமாந்துபோகும் வாய்ப்பு உண்டு. உங்கள் கைக்கு வரும் சம்பளம் 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதச் சம்பளத்தில் 25,000 ஜூன் 15 அன்றும், மீதி ஜூன் 30 அன்றும் வந்தால் பாதிப் பணம் பதினைந்து நாள் முன்னதாக உங்களிடம் வந்துவிடுகிறது. அதே 'இரண்டு முறை' என்ற சொல்லுக்குள், முதல் பாதி ஜூன் 30 அன்றும் மறுபாதி ஜூலை 15 அன்றும் என்று எழுதிவிட்டால், பாதிப் பணம் பதினைந்து நாள் தாமதமாகிறது. இரண்டுமே மாதம் இரண்டு முறைதான். முதலாவதில் வட்டி இழப்பது அரசு, இரண்டாவதில் இழப்பது ஆசிரியர்.

இது வெறும் ஊகம் அல்ல. ஹவாய் மாநிலம் 1997இல் தன் ஊழியர்களின் சம்பள நாட்களைச் சில நாட்கள் தள்ளிப்போட அனுமதிக்கும் சட்டம் இயற்றியது. நோக்கம் வரவு செலவுத் திட்டத்தில் மிச்சம் பிடிப்பது. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் வழக்குக்குப் போனது. சில நாள் தாமதம்தானே என்ற அரசின் வாதத்தை ஏற்காமல், சம்பள நாளை நம்பித்தான் ஒருவர் வீட்டுக் கடனையும் வாடகையையும் ஏற்பாடு செய்கிறார் என்ற கோணத்தில் பார்த்து, 1999இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்துக்கான தடையை உறுதிசெய்தது. நம் நாட்டில் 2024 செப்டம்பரில் இமாச்சலப் பிரதேசம் சம்பளத்தை முதல் தேதியிலிருந்து ஐந்தாம் தேதிக்கும், ஓய்வூதியத்தைப் பத்தாம் தேதிக்கும் தள்ளியது. கடன் வட்டியில் மாதம் சுமார் மூன்று கோடி ரூபாய் மிச்சம் என்று முதலமைச்சர் சுக்விந்தர் சிங் சுக்கு சட்டமன்றத்திலேயே விளக்கினார். சில நாளுக்கு மூன்று கோடி. அந்தப் பணம் எங்கிருந்தோ முளைத்ததில்லை. ஊழியர்களின் சம்பளம் நான்கு நாளும் ஓய்வூதியம் ஒன்பது நாளும் அரசிடம் கூடுதலாக இருந்ததால் வந்தது.

பெருந்தொற்றுக் காலம் இதைவிடத் தெளிவான பாடம். 2020 ஏப்ரலில் கேரள அரசு, ஊழியர்களின் சம்பளத்தில் மாதம் ஆறு நாள் தொகையை ஐந்து மாதங்களுக்குத் தள்ளிவைக்க ஆணையிட்டது. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களும் அதில் அடங்குவர். சட்டத்தின் பலம் இல்லாமல் வெறும் நிர்வாக ஆணையால் சம்பளத்தைத் தள்ளிவைக்க முடியாது என்று உயர் நீதிமன்றம் ஏப்ரல் 28 அன்று தடை விதித்தது. இரண்டே நாளில், சம்பளத்தில் கால் பங்கு வரை தள்ளிவைக்க வழிசெய்யும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஆந்திரத்திலும் 2020 மார்ச்சில் சம்பளமும் ஓய்வூதியமும் தள்ளிவைக்கப்பட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தொடுத்த வழக்கில், செய்த வேலைக்கான சம்பளமும் ஓய்வூதியமும் சட்டப்படி உரியவை, அரசின் கருணை அல்ல என்ற நிலையில் நின்று, தள்ளிவைத்த தொகைக்கு ஆண்டுக்கு ஆறு விழுக்காடு வட்டி கொடுக்கும்படி 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் சொன்னது 12 விழுக்காடு. அதைப் பாதியாகக் குறைத்தார்கள் என்றாலும், தாமதத்துக்கு விலை உண்டு என்ற கொள்கை நிலைத்தது. அரசு ஆசிரியர் தன் சம்பள நாளைப் பற்றிக் கையில் வைத்துக்கொள்ளக்கூடிய மிக வலுவான ஆயுதம் இன்று அந்தத் தீர்ப்புதான்.

நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவருக்கு இவை ஓரளவு தொலைவான கவலைகள். தமிழ்நாட்டில் சம்பள நாள் உண்மையில் யாரைக் கடிக்கிறது என்றால், சம்பளத்துக்கு நிதி ஒதுக்கும் கணக்குத் தலைப்பு ஆட்டம் காணும் இடத்தில் இருப்பவர்களைத்தான். தற்காலிகமாகத் தோற்றுவிக்கப்பட்ட பணியிடங்களுக்கு ஆண்டுதோறும் தொடர் நீட்டிப்பு ஆணை வர வேண்டும். வரும்வரை ஊதியக் கொடுப்பாணை என்று ஒரு கடிதம் வந்தால்தான் கருவூலம் பட்டியலைத் தொடும். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு ஒரே பள்ளியில் ஒரே பாடம் நடத்தியவர்கள், நிரந்தர ஆசிரியர்கள், தங்கள் நாற்காலி மட்டும் தற்காலிகம் என்பதால் அந்தக் கடிதத்துக்காக மாதக் கடைசியில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 2024–25இல் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படாதபோது, அந்தத் திட்டத்தில் வேலை செய்தவர்களின் 2024 செப்டம்பர் மாதச் சம்பளமே தாமதமானது. 2012இல் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களின் நிலை இன்னும் விநோதம். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். தொகை படிப்படியாக 12,500 வரை ஏறியது. ஆனால் பள்ளி இல்லாத மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்ற நிலை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. அவர்களுக்குச் சம்பளம் ஆண்டுக்குப் பதினொரு முறையாக இருந்தது. அமெரிக்க ஆசிரியர் பத்து மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பரப்பிக்கொள்ளவாவது முடிகிறது.

ஆகவே, உங்கள் சங்கம் இதற்காக மனுக் கொடுக்கும் எண்ணத்தில் இருந்தால், 'மாதம் இரண்டு முறை' என்பதை முதல் கோரிக்கையாக வைக்காதீர்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின் இருபத்தைந்தாம் பிரிவின்கீழ் பள்ளிக் கல்வித் துறைக்கு அறிவிக்கை வெளியிட்டு, சம்பளம் வழங்கும் அத்தியாயத்தை அரசு தனக்கே பொருத்திக்கொள்ள வேண்டும் என்று தொடங்குங்கள். இதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, அரசிதழில் ஒரு பக்கம் போதும். அடுத்து, குறித்த நாள் தவறினால் தவறிய நாள் முதல் ஆறு விழுக்காடு வட்டி தானாகவே பட்டியலில் சேர வேண்டும் என்று எழுதுங்கள். வழக்குப் போட்டவருக்கு மட்டும் வட்டி என்ற நிலை இருக்கும்வரை தாமதம் மலிவாகவே இருக்கும். நீட்டிப்பு ஆணை வராத தற்காலிகப் பணியிடத்துக்கு, அது வரும்வரை முந்தைய மாதப் பட்டியலின்படியே சம்பளம் தொடரும் என்ற வரியையும் சேருங்கள். இந்த மூன்றுக்கும் பிறகு இடமிருந்தால், பதினைந்தாம் தேதி பாதிச் சம்பளம் வேண்டும் என்று கேளுங்கள். கேட்கும்போது, அது அதே மாதத்தின் பதினைந்தாம் தேதி என்று எழுத்தில் போட மறந்துவிடாதீர்கள்.